ஆஷ்ரம் தாண்டிய புள்ளி

சிவப்பு விளக்கு ஒருமுறை மினுங்கினால்தான் இராஜமாணிக்கம் கைப்பிரேக்கை இறக்குவார். பின்னால் குப்பை வண்டிக்காரன் ஹாரனை அழுத்தட்டும், தலையை வெளியே நீட்டி "அங்கிள், சலோ" என்று கத்தட்டும், அவர் அசைய மாட்டார். டாஷ்போர்டின் மேல் ஒட்டியிருக்கும் சோப்பு டப்பா அளவுப் பெட்டியில் முதலில் பச்சை விளக்கு நிலைக்க வேண்டும். வானத்துச் செயற்கைக்கோள்கள் கிடைத்துவிட்டன என்று அதற்குப் பொருள். அதன் பிறகு சிவப்பு. வண்டி நிற்கும் இடத்தை ரேடியோ வழியாக ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. "லொகேஷன் குடுத்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மயூர் விஹார் ஃப்ளாட்டுகளின் கேட்டைத் தாண்டுவார். இந்த வரிசை ஒரு நாளும் பிசகியதில்லை.

வயது அறுபத்தெட்டு. பாளையங்கோட்டையில் பிறந்து, இருபத்திரண்டில் தில்லிக்கு ரயிலேறியவர். போலீஸ் வயர்லெஸ்ஸில் முப்பத்தெட்டு வருஷம் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரெங்கும் சுற்றுகிற ரோந்து வண்டிகளைக் கூப்பிட்டு "லொகேஷன் பதாவோ" என்று கேட்பதும், அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வதும்தான் உத்தியோகம். எங்கே இருக்கிறாய் என்று ஆயிரம் பேரைக் கேட்ட மனிதரை, நீ எங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகு கேட்காமலேயே சொல்கிற வழக்கம் ஒட்டிக்கொண்டது. ஃபோனில் யாராவது நலம் விசாரித்தால், "மதர் டெய்ரி பால் பூத் வாசல்ல, மேக்க பாத்து நிக்கேன்" என்பார். குர்காவ்னில் வேலை பார்க்கும் மகள் வைஷ்ணவிக்கு இது தீராத குறை. "அப்பா, நான் ஹால்சால் கேக்கறேன், நீங்க அட்ரஸ் சொல்றீங்க."

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? வேலையில் இருக்கும்போதே பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேரமாயிற்று. காரின் கூரையில் காந்த அடி வைத்த ஆன்டெனா. அந்தச் சின்னப் பெட்டி, வண்டி இருக்கும் இடத்தை அரை விநாடிக் கொர்ரொலியாக மாற்றி ரேடியோவுக்குத் தரும். முனிர்காவில் இருக்கும் நண்பர் வடிவேலின் மொட்டைமாடியில் ஒரு கருவி அதைக் கேட்டு, பலமாகத் திருப்பிச் சொல்லும். அதை இங்கே மயூர் விஹாரின் மாடியில் இருக்கும் ஆன்டெனா பிடித்துக் கீழே மடிக்கணினிக்கு அனுப்ப, தில்லி வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். அடுத்த புள்ளி அதற்கு முன்னால். புள்ளிகள் சேர்ந்து வந்த வழி முழுவதும் கோத்த பாசிமணி மாதிரி திரையில் கிடக்கும்.

வளைவில் திரும்பினால் ஒரு புள்ளி, நேர்ச்சாலையில் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அதற்கு மேல் வைக்க மாட்டார். "காத்து எல்லாருக்கும் பொதுல்லா? நாமளே கொர்ரு கொர்ருன்னு கத்திக்கிட்டிருந்தா அடுத்தவன் எப்பம் பேசுவான்?"

இந்தப் 'பொது' விஷயத்தில் மனிதர் நூல் பிடித்த மாதிரி. லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே அலைபரப்ப வேண்டும், பரப்பிய ஒவ்வொரு செய்தியும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் பதினோரு நோட்டுகள் ஆகியிருக்கின்றன. தேதி, நேரம், யாருக்கு, என்ன செய்தி, இயக்கியவர், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். இயக்கியவர் கட்டத்தில் பக்கத்தின் தலையில் தன் பெயரை எழுதுவார். அதன்கீழ் அடிவரை 'மேற்படி' என்பதற்கான இரட்டைக் கோடுகள் எறும்பு வரிசையாக இறங்கும். ஒரு தீபாவளிக்கு வடிவேல் தன் அக்கா மகனை மைக்கில் 'ஹேப்பி தீபாவளி' சொல்ல வைத்துவிட்டார். இரண்டே வார்த்தை. அதற்காக இராஜமாணிக்கம் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. "அவன் லைசென்ஸ் நம்பர் என்னன்னு கேளு" என்பதே அந்த ஆறு மாதமும் அவர் சொல்லியனுப்பிய ஒரே செய்தி.

காந்திமதியைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்லி முடியாது. மனைவி. ஆர்.கே.புரத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கிளார்க். மயூர் விஹாரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தவர். ஜன்னலோரம் இடம் பிடிப்பதில் அந்த ரூட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அலுவலகத்தில் பேர். நாலு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். வலப்பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் கூடவே போயிற்று. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிவந்த பிறகு, மாதம் ஒருமுறை வைத்தியத்துக்கு அதே நாற்காலியில் இறங்கி ஏறுவதைத் தவிர, அவர் கீழே போனதில்லை.

கடைக்கோ பாங்குக்கோ போகும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தால் பயப்படாமல் இருப்பாளே என்றுதான் அந்தப் பெட்டியைக் காரில் மாட்டினார். கட்டிலுக்கு எதிரே மடிக்கணினியை வைத்து, "இந்தப் புள்ளிதான் நான். பாக்கலாம், தொடக் கூடாது. லைசென்ஸ் இல்லாம ஒரு எழுத்து அனுப்பப்பிடாது, என்ன?" என்று சொன்னார். காந்திமதி தலையாட்டினார். அவரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்தானே, விதி என்றால் என்னவென்று தெரியும்.

ஐந்து மாதமாக வாயிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. ஒருநாள் இராஜமாணிக்கம் சஃப்தர்ஜங்கில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆஷ்ரம் சந்திப்பில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகையில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. கட்டிலில் சாய்ந்தபடி காந்திமதி திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன.

"ஆஷ்ரம்" என்றார். ரொம்பத் தெளிவாக.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுததாக இராஜமாணிக்கம் சொல்வதில்லை. "கொஞ்ச நேரம் நின்னேன்" என்று மட்டும் சொல்வார்.

அன்றிலிருந்து அவர் போனது கடைக்கும் பாங்குக்கும் மட்டுமல்ல. காலை ஒன்பது மணிக்கு, காந்திமதி பஸ் ஏறிய அதே நேரத்துக்கு, அந்த பஸ் போன வழியிலேயே காரை விட்டார். நிஜாமுதீன் பாலம், சராய் காலே கான், ஆஷ்ரம், லாஜ்பத் நகர், மூல்சந்த், சவுத் எக்ஸ், எய்ம்ஸ், பிகாஜி காமா, ஆர்.கே.புரம். கார்த்திகை நாளென்றால் மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரத்தில் மூன்று நிமிஷம் கூடுதலாக நிறுத்துவார். அங்கே புள்ளி நிற்கும்போது இங்கே கட்டிலில் காந்திமதி இடக்கையை மட்டும் நெற்றிவரை தூக்குவார். திரும்பி வந்ததும் பாசிமணியில் விரல் வைத்து ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் சொல் இரண்டாயிற்று. "மூல்சந்த்... ஜாம்." "எய்ம்ஸ்... மெதுவா போனீய." பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா இந்த முன்னேற்றத்தைக் கண்டு, வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஆபீஸ் போறா" என்றார் இராஜமாணிக்கம்.

வாட்ஸப்பில் போடலாமே என்று வைஷ்ணவி கேட்டதுண்டு. "லைவ் லொகேஷன் ஷேர் பண்ணுங்க, காம் கதம், வேலை முடிஞ்சுது." அதையும் செய்து பார்த்தார்கள். காந்திமதியின் இடக்கை விரல் நடுக்கத்தில் ஃபோன் திரை வழுக்கிக்கொண்டு லக்னோவுக்கும் ஜெய்ப்பூருக்கும் ஓடியது. வந்த வழியும் அதில் தங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு மடிக்கணினியைக் கை காட்டினார்.

இப்படி ஓடிய காருக்குச் சென்ற மார்ச்சில் பதினைந்து வயது முடிந்தது. பெட்ரோல் வண்டிக்குத் தில்லியில் அதுதான் ஆயுசு. பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் பஞ்சாபி ஆசாமி, "யாரு பிடிக்கப் போறா? பத்திரமா ஓட்டுங்க, சில பேரு இருபது வருஷம் ஓட்டுறான்" என்று தைரியம் சொன்னார். இராஜமாணிக்கமா கேட்பார்? தேதி முடிந்த மறுநாள் காலையிலேயே உடைக்கிற கம்பெனிக்காரனை வரவழைத்தார். ஆன்டெனாவைக் கழற்றினார், பெட்டியைக் கழற்றினார், ஒட்டியிருந்த பசையைக்கூட ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார். இழுவை வண்டியின் பின்னால் கார் கேட்டைத் தாண்டியபோது, காந்திமதி மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நாற்காலியைத் தள்ளச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கார் வாங்க வைஷ்ணவி தயாராக இருந்தாள். ஆனால் இராஜமாணிக்கத்தின் கண்ணில் புரை, இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பழைய வண்டி பழகிய கைக்கு ஓடியது. புதியதைத் தொட அவருக்கே பயம்.

அதன் பிறகு திரையில் ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது, வீட்டுப் படம் போட்ட அவர்களுடைய சொந்த நிலையம். அது எங்கேயும் போகாது. காந்திமதி முதல் இரண்டு நாள் அதைப் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து சுவரைப் பார்த்தார். வீட்டு வேலைக்கு வரும் சுனிதா, "ஆன்ட்டி, சாய்?" என்று டீ வேண்டுமா எனக் கேட்டால் தலை மட்டும் அசைந்தது. பத்து நாளில் 'ஆஷ்ரம்' உட்பட எல்லாம் போய்விட்டது. மறுபடியும் சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் காணாமல் போன வண்டிகளைத் தேடிக் கண்டுபிடித்த மனிதர், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவள் எங்கே போனாள் என்று தெரியாமல் தவித்தார். அந்தப் பத்து நாள் தான் பட்ட பாட்டை எதிரிக்கும் வேண்டாம் என்பார்.

பதினோராம் நாள் பெட்டியையும் கையடக்க ரேடியோவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மெட்ரோவில் அந்தப் பையைச் சோதனை எந்திரம் தாண்ட விடாது. பஸ்தானே அவள் ரூட்டும். காருக்கு அடையாள எண் ஒன்பது. கையில் தூக்கிப் போவதற்கு ஏழு. மறக்காமல் ஏழு என்று மாற்றியிருந்தார். ஆர்.கே.புரம் வரை போய், மலை மந்திரில் இறங்கி, விபூதி வாங்கிக்கொண்டு, அதே வழியில் திரும்பி, மாடியேறி மூச்சு வாங்க, "எங்கல்லாம் போனேன், சொல்லு பாப்போம்" என்றார்.

காந்திமதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

திரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஏழாம் எண் புள்ளி காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு வரை இதே கட்டடத்தின் மேலேயே நின்றிருக்கிறது. பையைக் காலுக்கடியில் வைத்திருந்தார். பஸ்ஸின் தகரக் கூரைக்குக் கீழே பெட்டிக்கு வானம் தெரியவில்லை. வானம் தெரியாத பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதானே? கடைசியாகத் தெரிந்த இடத்தையே சொல்லி அரைத்த மாவை அரைத்திருக்கிறது. புறப்படும்போது பச்சை விளக்கைப் பார்த்தவர் பஸ்ஸில் ஏறிய பிறகு பார்க்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே சிமென்ட் பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக அவள் நினைத்திருக்கிறாள். "நீ நெனச்சது தப்பில்ல. ஆபரேட்டர் தப்பு" என்று கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினார்.

மறுநாள் செயற்கைக்கோளைப் பார்க்கிற குட்டி ஆன்டெனாவைத் தனியாக எடுத்து, குரங்குக் குல்லாயின் உச்சியில் வைத்துத் தைத்துக்கொண்டார். ஏப்ரல் வெயிலில் கம்பளிக் குல்லாய், அதிலிருந்து காது வழியாக இறங்கிப் பைக்குள் போகிற வயர். தில்லி பஸ்ஸில் இப்படி ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? லாஜ்பத் நகரில் ஒரு போலீஸ்காரர் ஏறி, அவரைக் கீழே இறக்கினார். பையில் என்ன என்று கேட்டார். இராஜமாணிக்கம் லேமினேட் செய்த லைசென்ஸை எடுத்துக் காட்டி, தானும் போலீஸ் வயர்லெஸ் ஆள்தான் என்று சொல்லி, "மேரா லொகேஷன் பேஜ்தா ஹை. கர் மே பீவி தேக்தி ஹை" என்றார். என் இடத்தை அனுப்புகிறது, வீட்டில் மனைவி பார்க்கிறாள். போலீஸ்காரர் லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். குல்லாயைப் பார்த்தார். பிறகு அடுத்த பஸ்ஸைத் தானே கைகாட்டி நிறுத்தி, "அங்கிளுக்கு ஜன்னல் சீட் கொடு பையா" என்று கண்டக்டரிடம் ஹிந்தியில் சொல்லி ஏற்றிவிட்டார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது காந்திமதி சுவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பேசவில்லை. விரல் லாஜ்பத் நகரில் வந்து நின்றது, புருவம் கேள்வியாக உயர்ந்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நடந்ததை இராஜமாணிக்கம் யாரிடம் சொன்னாலும் மிக மெதுவாகச் சொல்வார். இரண்டு நாள் அலைச்சல், அதற்கு முன் பத்து நாள் தூக்கமில்லாதது, எல்லாம் சேர்ந்து சவுத் எக்ஸ் தாண்டியதும் கண்ணைச் சொருகிவிட்டது. ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்தது. எய்ம்ஸ் போனது தெரியாது. பிகாஜி காமா போனது தெரியாது. முப்பத்தொரு வருஷம் காந்திமதி இறங்கிய மலை மந்திர் நிறுத்தத்தில் பஸ் நின்று, ஆளை இறக்கி, ஏற்றி, புறப்பட்டதும் தெரியாது.

பைக்குள் ரேடியோ மூன்று முறை பீப் என்றது. செய்தி வந்தால் எழுப்பும் ஒலி அது. விழித்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சின்னத் திரையைப் பார்த்தார். அனுப்பியது அவருடைய சொந்த வீட்டு நிலையம். ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் ஓரெழுத்து விட்டுப்போய், ஒரே ஒரு சொல்:

எறங்குங்க.

அவர் எழுந்த வேகத்தில் குல்லாய் வயர் சீட்டில் மாட்டிக்கொண்டது. "ரோக்கோ, ரோக்கோ" என்று கத்தினார். அடுத்த நிறுத்தத்தில்தான் பஸ் நின்றது. இறங்கி, அந்த வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தார். வீட்டில் சுனிதாவுக்குத் தமிழ் தெரியாது. வைஷ்ணவி குர்காவ்னில். இத்தனை வருஷமாக அவர் சோதனைச் செய்தி அனுப்பும்போதெல்லாம் பக்கத்தில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திதான் உண்டு. ஒரு கை, அதுவும் நடுங்குகிற இடக்கை. மடிக்கணினியில் செய்தி எழுதும் கட்டத்தைத் திறந்து, முகவரியில் ஏழைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்த அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பிகாஜி காமாவிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். தூங்கிவிட்டார் என்று பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்த புள்ளியை மட்டும் வைத்து எப்படித் தெரிந்துகொண்டாள் என்று அவருக்கு இன்றைக்கும் புரியவில்லை. அப்புறம் கேட்டபோது, "மலை மந்திர்னா... முன்னமே... எந்திப்பீய" என்றாள். இறங்குகிறவர் முன்கூட்டியே எழுந்து, வாசல் பக்கம் வருவார், வருகிற வழியில் ஒரு புள்ளி விழும் என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாளாம். பஸ்ஸின் நீளத்துக்கு அப்படியெல்லாம் புள்ளி நகராது. சொன்னால் அவள் மனசு சங்கடப்படும் என்று அவர் சொல்லவில்லை.

நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்து, முன்பெல்லாம் அவள் நின்ற நிழற்குடைக்கு வெளியே, வானம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். சிவப்பு விளக்கு ஒருமுறை மினுங்கும்வரை நின்றார். அது மினுங்கிய பிறகும் நின்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வடிவேலின் ஃபோன் வந்தது. அவர் மாடிக் கருவி வழியாகப் போகாத செய்தி தெற்கு தில்லியில் இல்லை. "அண்ணே, பதினோரு மணி வாக்குல உங்க வீட்டு ஸ்டேஷன்லருந்து ஒரு மெசேஜ் போயிருக்கு. நீங்கதேன் பஸ்ல இருந்தீங்களே? வீட்டுல யாரு, மக வந்திருக்காளா?"

குரலில் குத்தல் இல்லை. ஆனாலும் அந்த ஆறு மாதம் இருவருக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருந்தது. எந்திரம் தானாக அனுப்பியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வடிவேல் மேலே கேட்க மாட்டார். கட்டிலில் காந்திமதி தலை குனிந்திருந்தார். தொடக் கூடாது என்றதைத் தொட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். அவரும் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர்.

"மக வரல" என்றார் இராஜமாணிக்கம். "கொஞ்சம் லைன்ல இரு வடிவேலு."

ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பதினோராவது நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். செய்தி என்ற கட்டத்தில், விட்டுப்போன எழுத்தைச் சேர்க்காமல், வந்தபடியே எழுதினார். இயக்கியவர் கட்டத்துக்கு வந்தபோது வழக்கமான இரட்டைக் கோடுகளைப் போடவில்லை. முழுப் பெயராக 'காந்திமதி' என்று எழுதினார். எழுதியதை வாய்விட்டு, ஃபோனில் இருப்பவருக்கும் கேட்கும்படி, ஒருமுறை வாசித்தார்.

பிறகு நோட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், பக்கம் நழுவாமல் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துக் கட்டத்தைக் காட்டி, பேனாவை அவள் இடக்கையில் வைத்தார்.